காரணம் மாறிய போர்

லிங்கராஜபுரத்து டீக்கடையில் கன்னடச் செய்தித்தாளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு தலைப்பைத் தாண்டுவதற்குள் டீ ஆறிவிடும். அப்படி ஒரு காலையில்தான் சட்டென்று உறைத்தது. எல்லையில் நடக்கும் போருக்கு நம் அரசு இன்று சொல்லும் காரணம், போன வாரம் நான் பாடுபட்டுப் படித்த காரணம் இல்லை. அன்று, ‘தாக்குதலை முன்கூட்டியே தடுக்க.’ இன்று, ‘எல்லைக்கு அப்பால் அவதிப்படும் மக்களைக் காக்க.’ பழைய காரணம் என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூட இல்லை. தமிழில் படித்திருந்தால் கவனித்தே இருக்க மாட்டேன். சொந்த ஊரான ஆம்பூரில் நான் தலைப்புகளை மென்று பார்க்காமல் விழுங்குகிறவள். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் உழைத்திருக்கிறேன். ஒன்று காணாமல் போனால் தெரிகிறது.

அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தவள் முத்தம்மா. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. பெயரைக் கேட்டு நம்மூர்ப் பெண் என்று நினைத்து, சேர்ந்த அன்றே, “நீங்க வேலூர்ப் பக்கமா?” என்று படபடவெனத் தமிழில் ஆரம்பித்துவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “நான் குடகு. பரவால்ல, பேசுங்க, நல்லா இருக்கு” என்றாள். அன்றிலிருந்து அவள் ஸ்கூட்டரின் பின்சீட் எனக்கு. இந்த ஊரில் என்னை ‘ஏய்’ என்று கூப்பிட வேறு யாருமில்லை. அவளுடைய அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். இப்போது எல்லையில்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. எதையாவது தொட வேண்டுமானால், எதற்காக என்று முன்பே எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதற்குச் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று பெயர். நடுவில் காரணம் மாறினால் பழைய அனுமதி செல்லாது, நிறுத்திவிட்டு மறுபடி கேட்க வேண்டும். டீக்கடையில் உறைத்ததும் இதுவும் சேர்ந்துகொண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் காதிலும் விழும்படி கொட்டினேன்.

“முத்து, நம்ம ஆபீஸ்ல ஒரு சர்வரை ரீஸ்டார்ட் பண்றதுக்கே, காரணம் மாறினா அப்ரூவல் கேன்சல். இவங்க காரணத்தை மாத்திட்டு சண்டையை மட்டும் கன்டினியூ பண்றாங்க பாரு!”

“ரிஜெக்ட் பண்ணிடு மச்சா!” என்று எதிரிலிருந்து ஒருவன் கத்தினான். இந்த ஊரில் ஆண், பெண் எல்லோருமே மச்சாதான். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முத்தம்மா டிபன் பாக்ஸை மூடினாள். “எங்க அண்ணனும் ஒரு சர்வர்தானா உனக்கு?”

“ஐயோ, அப்படி இல்லடி...”

“பிடு, விட்டுடு. உனக்கு அங்க யாரு இருக்காங்க? நீ பேசலாம்.”

அன்று மாலை ஸ்கூட்டர் இல்லை. மறுநாளும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“போன ஊர்ல இதெல்லாம் எதுக்கும்மா பேசற?”

“நீங்க மட்டும் கடைத்தெருவுல நின்னு எல்லாரையும் திட்டுவீங்களே?”

“அது நம்ம ஊரு.”

கேள்வி கேட்கக்கூடச் சொந்த ஊர் வேண்டும் போலிருக்கிறது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த என்னைப்போன்றவர்கள் கேள்விகளை மென்று விழுங்கியே பழகிவிடுகிறோம். ஆனால் ஆம்பூரில் இருந்திருந்தால் முத்தம்மாவின் அண்ணனைப் பற்றி நான் யோசித்திருப்பேனா? டீக்கடைக்கு இப்போதும் போகிறேன். ஒரு கூட்டெழுத்து புரியவில்லை. கேட்க ஆளில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நேற்று டீம் லீடர் சொன்னார்: அண்ணனிடமிருந்து போனே வரவில்லையாம், முத்தம்மா லீவு போட்டு குடகில் மடிகேரிக்கு அம்மாவிடம் போய்விட்டாளாம். நான் அனுப்பிய மெசேஜை அவள் பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

என் கேள்வி தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. ஒருவரைச் சாவின் பக்கம் அனுப்பும்போது, அனுப்பியதற்கான காரணமாவது அவர் திரும்பும்வரை ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? இது முத்தம்மாவின் அண்ணனுக்காகவும் கேட்கிற கேள்வி. அதை நான் வேடிக்கையாக்கி, சாப்பாட்டு மேஜையில் பரிமாறிவிட்டேன்.

சனிக்கிழமை என்றால் கே.ஆர்.புரத்தில் ரயில் பிடித்துக் கிழக்கே ஆம்பூருக்குப் போவேன். இந்தச் சனிக்கிழமை மைசூர் ரோட்டில் பஸ் ஏறி மேற்கே மடிகேரிக்குப் போகப்போகிறேன். அப்பாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியாயிற்று. முத்தம்மாவின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் குடகு மொழி தெரியாது. இரண்டு பேருக்குமே தாய்மொழியல்லாத கன்னடத்தில், வாசலில் நின்றபடி, முதலில் அண்ணன் பேசினாரா என்று கேட்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால், என் கேள்வியையும், இந்த முறை வேடிக்கையில்லாமல், கேட்டுப் பார்ப்பேன்.