ஓய்வில்லாத கால்களும் அரைப் பங்கும்

2025 பெப்ரவரி 6, வியாழக்கிழமை, அதிகாலை 2.10. பாதி நிலா மறைந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். மெல்லிய வாடைக்காற்று, மழைக்குறி இல்லை. கைத்தொலைபேசி 24 பாகை என்று காட்டியது. புத்தளம் பக்கத்துக் கடற்கரை ஊரான மாம்புரியில் என் தங்கை பிலோமினாவின் வீட்டுப் படலையைச் சத்தமில்லாமல் திறந்து கடற்கரைக்கு நடந்தேன். அந்த இரவில் அது மூன்றாவது நடை. முதலாவது 11.40க்கு, இரண்டாவது 12.55க்கு. படலையிலிருந்து அலை தொடும் ஈரமணல் வரை இருநூற்றுப் பதினான்கு எட்டு. அங்கிருந்து வடக்கே, கவிழ்த்துப்போட்ட பழைய வள்ளம் வரை ஐந்நூற்றுப் பத்து. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள், என் கண்ணுக்கு எட்டியவை ஒன்பது. எழுபத்தொரு வயதில் ஒருவன் இப்படி இரவு முழுவதும் மணலை அளந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே பாண் கடைக்காரி கேட்டுவிட்டாள்: “அங்கிள், ராவெல்லாம் கரையில எதைத் தேடுறீங்க? சொன்னா நாங்களும் சேந்து தேடுவமே.” நான் சிரித்துவிட்டு வந்தேன். நான் வாய்க்குள் எட்டுகளை எண்ணுவதை யாரோ கேட்டிருக்கிறார்கள். இத்தாலிக்காரர் ஹோட்டல் கட்டக் கரையை அளக்கிறார் என்று இரண்டாவது வாரத்தில் கதை பரவியது.

இத்தாலியில் நான் இருக்கும் பலெர்மோவில் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அங்கே பதிவுத் தபால் வந்தது. நாலாம் மாடியில் என் வீட்டு நடைபாதை பதினொரு எட்டு நீளம். அதில் நள்ளிரவுக்குப் பிறகு நூற்று நாற்பது தடவை போய்த் திரும்பிய இரவுகள் உண்டு. கீழ்வீட்டில் கொன்செத்தா என்ற கிழவி தனியாக இருந்தாள். இரவு ஒன்றிலிருந்து நாலு வரை தலைக்கு மேலே காலடிச் சத்தம் என்று அவள் கட்டட நிர்வாகிக்கு முறைப்பாடு எழுதினாள். நிர்வாகி எனக்கு எழுதினார். நான் மாடிப்படியில் அவளை மறித்து, என் இரண்டு கால்களையும் தொட்டுக் காட்டி, “லே காம்பே, சிஞ்ஞோரா, லே காம்பே” என்றேன். கால்கள்தான் காரணம் என்று சொன்னதாக என் நினைப்பு. அவள் என் கால்களைப் பார்த்தாள், முகம் இளகியது. பின்னேரம் செத்துப்போன புருஷனுடைய கம்பளிக் காலுறைகள் இரண்டு சோடி கொண்டுவந்து தந்தாள். எனக்குக் குளிர் என்று விளங்கிக்கொண்டாள். அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். சத்தம் குறைந்தது. கால் அடங்கவில்லை.

என்னைப்போல் வெளியே போய்க் கிழவர்களாகிப்போன உங்களில் சிலருக்கு இந்தக் கால் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு விளக்குவது கடினம். நோவு என்று சொல்ல முடியாது, விறைப்பும் இல்லை. படுத்து விளக்கை அணைத்து ஏழெட்டு நிமிடத்தில் கெண்டைக்காலின் உள்ளே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில், நெத்தலிக் கூட்டம் ஒன்று அடைபட்டுத் துள்ளுவது போல் தொடங்கும். அசைத்தால் நிற்கும், நிறுத்தினால் அசையும். எழுந்து நடந்தால்தான் அடங்கும், படுத்தால் திரும்ப வரும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆறு வருடம். அது வந்த இரண்டாம் வருடத்தில் இது வந்தது. பலெர்மோ வைத்தியர் இதற்கு ‘காம்பே சென்ஸா ரிப்போஸோ’ என்று பெயர் சொன்னார், ஓய்வில்லாத கால்கள். பெயர் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இரத்தத்தில் இரும்பு குறைவு என்றார், ஊசி ஏற்றினார். ஒரு சின்னக் குளிசை தந்தார், சிறுநீரகம் இல்லாதவனுக்கு அதைக் கூட்ட ஏலாது என்று எச்சரித்தார். மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி, தேத்தண்ணி இரண்டையும் விட்டேன். படுக்கமுன் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தேன். இத்தனைக்கும் பிறகு ஒரு இரவில் சேர்த்துக் கிடைத்த நித்திரை இரண்டேகால் மணித்தியாலம். பதினாலு வருடம் பாலாவியில் உப்புக் கந்தோரில் சாக்கு எண்ணிப் பழகியவன். எண்ணாமல் எதையும் நம்பமாட்டேன். அந்த இரண்டேகாலை நான்கு மாதம் கொப்பியில் எழுதிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கால்களைவிட முக்கியமானது என் இடது கை. பலெர்மோவில் முன்கையைக் கீறி, நாடி ஒன்றையும் நாளம் ஒன்றையும் உள்ளே இணைத்து விட்டிருக்கிறார்கள். ஃபிஸ்தொலா என்பார்கள். வாரத்தில் மூன்று நாள் அதில்தான் இரண்டு ஊசி குத்தி இரத்தத்தை எடுத்து மெஷினில் கழுவித் திரும்ப ஏற்றுவது. விரலை வைத்தால் உள்ளே ஒரு தேனீ இரைவது போல் அதிரும். எழும்பியதும் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பதுதான். இரைந்தால் அன்றைக்கு நான் இருக்கிறேன். அந்தக் கையால் மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, மணிக்கூடு கட்டக்கூடாது, அதன்மேல் சரிந்து படுக்கக்கூடாது, அழுத்தினால் ஓட்டம் நின்றுபோகும். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தபோது எழுபது நாளைக்குத் திட்டம் போட்டு, புத்தளத்தில் தனியார் நிலையமொன்றில் முப்பது தடவைக்கு முன்கூட்டியே பதிந்துதான் வந்தேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு வேன். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவனை ஊர் ஒரு மாதிரி நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வை குனிந்து, ஐயோ பாவம் என்று ஆவதைக் காண எனக்கு மனமில்லை. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டேன். வாரத்தில் மூன்று நாள் வேனில் போய் வருவது பேங்குக்கு என்று ஊர் தானே முடிவுகட்டிக்கொண்டது. ஹோட்டல் கதைக்கு அதுவும் பொருந்தியது. பிலோமினாவுக்கு மட்டும் தெரியும். “பொய் சொல்லவும் வேணாம், உண்மை சொல்லவும் வேணாம். நான் வாயே திறக்கல்ல அண்ண,” என்றாள்.

விடியற்புறம் ஐந்தரைக்குக் கரைவலைக்காரர் வருவார்கள். வலையின் ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டு, வள்ளம் கடலில் அரைவட்டம் சுற்றி, மறு தலைப்போடு கரைசேரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து மணலில் பின்பக்கமாக நடந்து இழுப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரன் மரியான், ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். ஜனவரியில் ஒரு விடியற்காலை, நடந்து களைத்து நின்ற என்னைப் பார்த்து, “டேய், சும்மா நிக்கிற காலுக்கு வேலை குடுடா,” என்றான். விளையாட்டுக்கு வலது கையால் கயிற்றைப் பிடித்தேன். குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னே நாற்பது எட்டு, கயிற்றை விட்டு முன்னே நாற்பது எட்டு. இருபத்தாறு தடவை. வீட்டுக்கு வந்து படுத்தேன். நெத்தலி துள்ளவில்லை. நாலு மணித்தியாலம் ஒரே மூச்சாகத் தூங்கினேன். நாலு வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் இல்லை. அதன்பிறகு, மெஷினுக்குப் போகாத நாளெல்லாம் கயிற்றுக்குப் போனேன்.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எவனுக்கும் பங்கு உண்டு, அவன் பிச்சைக்காரனோ பணக்காரனோ. மீனை லொறிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தபின் மரியான் மணலில் குந்தியிருந்து காசைப் பிரிப்பான். எனக்கு அரைப் பங்கு தந்தான். “ஒரு கைக்கு அரைப் பங்கு, கணக்குச் சரிதானே கிளார்க் ஐயா?” எல்லாரும் சிரித்தார்கள். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இழுப்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. “மாமா, மற்றக் கையை இத்தாலியில வாடகைக்கு விட்டுட்டா வந்தீங்க?” என்று ஒருவன். “இல்லடா, அது ஹோட்டல் முதலாளிட கை, கயிறு பட்டா கறுத்துப் போயிரும்,” என்று இன்னொருவன். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த அரைப் பங்கை வாங்கும்போது உள்ளே எதுவோ குத்தியது. பாலாவியில் சாக்கு எண்ணிய காலத்தில் நான் ஒருநாளும் கயிறு தொட்டதில்லை. படித்தவன் என்று அப்போதும் தள்ளியே நிறுத்தினார்கள். பலெர்மோவில் முப்பத்திரண்டு வருடம் வேறு மாதிரித் தள்ளி நிறுத்தினார்கள். எழுபத்தொன்றில் அரைவாசி உள்ளே வந்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை வலை பாரமாக வந்தது. கீரிமீன் திரள் ஒன்று உள்ளே விழுந்திருந்தது. கரைக்கு நூறு யார் தூரம் இருக்கும்போது நீரோட்டம் தெற்கே இழுத்தது, கயிறு எங்களை முன்னுக்கு வாரியது. எனக்கு முன்னால் நின்றவன் மணலில் சறுக்கி விழுந்தான். “விடாத, விடாத! எல்லாரும் பிடி!” என்று மரியான் கத்தினான். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். கயிறு இடது முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதை நான் பார்த்தேன், அது எனக்குத் தெரியும். கையை எடுக்க ஒரு கணம் இருந்தது, எடுக்கவில்லை. குதிக்காலை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, எண்ணாமல் இழுத்தேன். எத்தனை நிமிடம் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் எண்ணாமல் போனது அந்த ஒன்றுதான்.

வலை கரையேறியது. மரியான் காசைப் பிரித்தான், என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். “ரெண்டு கையாலயும் இழுத்தான், நான் கண்டன். முழுப் பங்கு.” ஆயிரத்து நூற்று ஐம்பது ரூபாயும் ஒரு பை மீனும். யாரும் சிரிக்கவில்லை. பிலோமினா மீனை வாங்கிக்கொண்டு என் ஈரச் சட்டையைப் பார்த்தாள். ஒன்பதரைக்குப் படுத்தேன். எப்படிப் படுத்தேன், எந்தப் பக்கம் சரிந்தேன் என்று நினைவில்லை.

கண் விழித்தபோது பகல் ஒன்று நாற்பது. கால்கள் இரண்டும் மரக்கட்டை போல் அமைதியாகக் கிடந்தன. இடது பக்கம் சரிந்து, கையின் மேல்தான் படுத்திருந்தேன். பழக்கத்தில் வலது விரல்களை மணிக்கட்டுக்கு மேலே வைத்தேன். ஒன்றும் இல்லை. இடத்தை மாற்றி வைத்தேன். முழங்கை வரை போனேன். தேனீ இரையவில்லை. நாலு வருடமாக ஒவ்வொரு இரவும் ஆண்டவரிடம் நான் கேட்டது, என் உடம்பில் அடங்காதது அடங்கவேண்டும் என்பதைத்தான்.

பிலோமினா வேன்காரனை அழைத்தாள். புத்தளம் நிலையத்தில் தாதி காதுக்குழலை என் கையில் வைத்துக் கேட்டாள். கண்டிப்பான பிள்ளை, எப்போதும் என்னோடு சண்டை பிடிப்பாள். “அங்கிள், சத்தமே இல்ல. என்ன செஞ்சீங்க?” நான் சொன்னேன். “கயிறா? இந்தக் கையாலயா? யா அல்லாஹ்! சாகிறதுக்கா ஊருக்கு வந்தீங்க?” பிறகு தானே கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் எடுத்தாள். “கெதியாப் போங்க, நாளையைத் தாண்டினா கட்டின ரத்தத்தை எடுக்க ஏலாமப் போகும்.” அங்கே கட்டில் கிடைக்கும்வரை காத்திருந்து இரவு ஏழரைக்குப் புறப்பட்டோம். வேனின் பின் இருக்கையில் நீட்ட இடமில்லாமல் கால்கள் திரும்பவும் தொடங்கின. சிலாபத்தில் ஒரு தடவை, நீர்கொழும்பில் ஒரு தடவை இறங்கித் தெருவோரத்தில் நடந்தேன். பிலோமினா என் வலது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். “எண்ணு அண்ண,” என்றாள், “எண்ணினாத்தான் உனக்கு மூச்சு வரும்.”

வெள்ளி காலை கையைக் கீறி, உறைந்த இரத்தக் கட்டியை எடுத்து, ஏழு தையல் போட்டார்கள். கை ஆறும்வரை கழுத்தில் குழாய் வைத்து மூன்று தடவை இரத்தம் கழுவினார்கள். ஐந்தாம் நாள் தேனீ திரும்ப இரைந்தது. முன்பிருந்ததில் அரைவாசிதான் ஓட்டம் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் சொன்னார்.

மரியான் ஊரிலிருந்து வந்து கட்டிலருகே கதிரையில் இருந்தான். சட்டை இல்லாத என் கையை அன்றைக்குத்தான் முதலில் கண்டான்.

“ஊரே நீ பேங்குக்குப் போறயெண்டு கதைச்சிச்சு.”

“ஓம், தெரியும்.”

“எனக்குமாடா சொல்ல ஏலாமப் போச்சு? நான் உனக்கு அரைப் பங்கு தந்து பகிடி பண்ணினனே. சொல்லியிருந்தா, கயிற்றைத் தொடாமலே முழுப் பங்கு தந்திருப்பன்.”

“அதுக்காகத்தான் சொல்லயில்ல,” என்றேன்.

இதை எழுதுகிறபோது மாம்புரிக்குத் திரும்பி எட்டு நாள். விமானத்துக்கு இன்னும் ஆறு நாள். இரவில் திரும்பவும் நடக்கிறேன். இப்போது கடைக்காரி கேட்பதில்லை, பாணோடு சேர்த்து இரக்கத்தையும் தருகிறாள். விடியற்காலை கரைவலைக்காரர் இழுக்கும்போது, கயிற்றைத் தொடாமல், அவர்களோடு பின்னே நாற்பது, முன்னே நாற்பது எட்டு நடக்கிறேன். இடது கையில் இரண்டு தழும்பு இருக்கின்றன, கீழே பலெர்மோவில் வெட்டியது, மேலே கொழும்பில் வெட்டியது. இரண்டுக்கும் இடையில் மூன்றரை சென்ரிமீற்றர். நடந்து களைத்து நிற்கும்போது வலது பெருவிரலை அந்த இடைவெளியில்தான் வைத்துப் பார்க்கிறேன். அங்கேதான் இப்போது இரைகிறது.

வேன், சத்திரசிகிச்சை, கழுத்துக் குழாய், ஐந்து இரவு அறை, மருந்து எல்லாம் கூட்டி நான்கு இலட்சத்து எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். மரியான் தந்த ஆயிரத்து நூற்று ஐம்பதை அதில் நான் கழிக்கவில்லை.