கோலத்தில் கொட்டிய அரிசி

எங்கள் மந்தைவெளி சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஓர் ஓட்டம் உண்டு. இல்லாதவர்களுக்கான உணவுக் கிடங்குக்குத் தரும் அரிசியை அவரவரே சுமந்து ஓட வேண்டும். மூட்டுவலிக்காரியான நானும் பிடிவாதமாகப் பேர் கொடுத்தேன்.

மார்கழி மாதம், வாசலுக்கு வாசல் கோலம். எதையும் மிதித்துவிடக் கூடாதென்று வளைந்து வளைந்து ஓடியவள், கடைசியில் ஒரு பெரிய கோலத்தின் மேலேயே விழுந்தேன். பை கிழிந்து அரிசியெல்லாம் கொட்டிவிட்டது.

கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற மாமியிடம், "மன்னிச்சிடுங்க மாமி, உங்க கோலம் பாழாயிடுச்சு. இல்லாதவங்களுக்குக் கொண்டுபோற அரிசியும் கொட்டிடுச்சு" என்றேன்.

"கோலம் நாளைக்கும் போட்டுக்கலாம். பசிக்கறவாகிட்ட நாளைக்கு வான்னு சொல்ல முடியுமோ?" என்றவர், உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய அரிசி கொண்டுவந்தார். "எழுந்திருங்கோ. நொண்டிண்டாவது போய்ச் சேருங்கோ."

நொண்டிக்கொண்டே போனேன். கடைசி ஆளாகத்தான் சேர்ந்தேன். ஆனால் அரிசி சேர்ந்துவிட்டது.

தூக்கைத் திருப்பித் தரப் போனபோது, மாமி வாசலைப் பெருக்காமல் விட்டிருந்தார். சிந்திய அரிசியைப் புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன.

"பந்தி நடக்கறது. சுத்தி வாங்கோ" என்றார்.

சுற்றித்தான் போனேன். அடுத்த ஓட்டத்துக்கும் பேர் கொடுத்தாயிற்று. இனி நான் விழுந்தாலும் யாராவது சாப்பிடுவார்கள்.