இரண்டு பாதியில் ஒரு படகு

2008, தை மாதத்து ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எண்ணூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். தோளில் ஒரு ஹாஃப் ஃப்ரேம் கேமரா. ஊரே டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருக்க, பழைய கடைகளில் இதைத் தேடிப்பிடித்து வாங்கும் பைத்தியம் என் நண்பர்கள் சிலருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. சாதாரண கேமராவில் ஒரு படம் விழும் இடத்தில் இதில் இரண்டு விழும். முப்பத்தாறு ரீலில் எழுபத்திரண்டு படம். கஞ்சனுக்கென்றே செய்த கேமரா.

ராயபுரத்தில் வண்டி நின்ற நேரத்தில் ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களை எடுத்தேன். எண்ணூருக்கு முன்பே திருவொற்றியூரில் இறங்கி, நெடுஞ்சாலையைக் கடந்து கடலோரக் குப்பத்துக்கு நடந்தேன். அலைக்குப் பயந்து கரையெல்லாம் பாறை கொட்டியிருந்தார்கள். மிஞ்சிய மணலில் ஒரு ஃபைபர் படகு. முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர், ஆளுக்கொரு திசை பார்த்து நின்றிருந்தார்கள்.

முன்னால் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். பெயர் அருளப்பன்.

"இன்னா சார், ரீலு கேமராவா? இன்னும் கீதா இது? ஒரு படம் புடி சார். நைனா வாங்கன போட். மத்தியானம் பழவேற்காட்டுக்காரன் வந்து எடுத்துகினு பூடுவான். எங்க வூட்ல இதோட போட்டோ ஒண்ணுகூட இல்ல."

பின்னால் நின்றவர் தம்பி சகாயம். அப்பா போன பிறகு, யார் சொல்படி படகு கடலுக்குப் போவது என்பதில் வந்த சண்டையாம். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அதனால்தான் விற்கிறார்கள்.

"ரெண்டு பேரும் பக்கத்துல வாங்களேன்" என்றேன்.

"அவன் நிக்கற படத்துல நான் நிக்க மாட்டேன்" என்றார் அருளப்பன்.

"எனக்கு மட்டும் ஆசையா? என்னைத் தனியாப் புடி சார்" என்றார் சகாயம்.

என் கேமராவில் படம் நெட்டுக்குத்தலாகத்தான் விழும். முழுப் படகும் அடங்காது. முன்பாதியோடு அண்ணனை எடுத்தேன். நாலடி தள்ளி நின்று, பின்பாதியோடு தம்பியை எடுத்தேன். இருவருக்கும் திருப்தி. எனக்குத்தான் இல்லை.

பிற்பகல் எண்ணூர் முகத்துவாரத்தில், புகைபோக்கிகளை எடுத்து ரீலை முடித்தேன். திரும்பும் வழியில் டோல்கேட் பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒரு ஃபோட்டோ லேபில் கழுவிப் பிரிண்ட் போடக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு படங்களை வாங்கப் போனேன். லேப்காரர் தலையைச் சொறிந்தார்.

"படமெல்லாம் பாதி பாதியா கீது சார். மிஷினு ரெண்டு ரெண்டா சேத்துப் போட்டுட்ச்சி. நடுவுல கறுப்புக் கோடு வருது பாரு, அதுமேல கத்திரி வச்சா சரியாப்பூடும்."

புரட்டினேன். அண்ணனும் தம்பியும் ஒரே தாளில் விழுந்திருந்தார்கள். இடது பக்கம் முன்பாதி, வலது பக்கம் பின்பாதி. நடுவில் கோடு இருந்தாலும் படகு முழுசாகத் தெரிந்தது. அதற்குமுன் ஒரு படம் கூடவோ குறையவோ எடுத்திருந்தால் ஜோடி மாறியிருக்கும். என் சாமர்த்தியம் இதில் எதுவுமில்லை.

திருவொற்றியூரில் அருளப்பன் வீட்டு வாசலில் படத்தை நீட்டினேன். படகு கிடந்த இடம் காலியாக இருந்தது. திட்டுவாரோ என்ற பயத்தில், "வெட்டித் தரட்டுமா?" என்று நானே கேட்டேன்.

படத்தை வெடுக்கென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போட்ட நடுவுல வெட்டுவியா சார் நீ? கரையில பொறந்தவன் எவனாவது செய்வானா அத?"

பிறகு தம்பி நின்ற பாதியைக் கண்ணருகே கொண்டுபோய், "அவன் எளச்சிட்டான்" என்றார்.

"இன்னொரு பிரதி போட்டு அவருக்கும் கொடுத்துடறேன்."

"நீ இன்னாத்துக்கு? இதையே எடுத்துகினு போறேன். எனக்கு அப்பால போட்டுக் குடு."

சட்டையை மாட்டிக்கொண்டு, நான்கு வீடு தள்ளியிருந்த தம்பி வீட்டுக் கதவைத் தட்டப் போனார். நான் காத்திருக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

என் அண்ணன் மயிலாப்பூரில்தான் இருக்கிறான். எங்கள் குடும்பப் படங்கள் ஆயிரத்துக்குமேல் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. வேண்டியதை மெயிலில் அனுப்பிவிடுகிறேன். அவன் இளைத்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது.