அணைக்காமல் விட்ட எஞ்சின்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஒரு மதியம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் என் வேனை நிறுத்தியிருந்தேன். காலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்களை உழவர்கரைப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் என் பிழைப்பு.

வேன் பழைய டீசல் வண்டி; உள்ளே எப்போதுமே லேசாகப் புகை வாடை இருக்கும். கொஞ்ச நாளாகவே செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. முந்தின வாரம் அந்தப் பெண்களே இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். "வேலைக்கு வந்தமா, வண்டி தள்ள வந்தமாண்ணா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து எங்கே நின்றாலும் எஞ்சினை அணைப்பதே இல்லை.

சைலன்சர் பைப்பிலும் ஒரு விரிசல் விட்டுப் படபடவென்று இரைந்துகொண்டிருந்தது. நானே ஒரு தகரத்தைச் சுற்றி, கம்பியால் இறுக்கி, சத்தத்தைக் குறைத்திருந்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

அன்று ஏழு பேர் ஏறிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை, உள்ளே ஏதோ வேலை முடியவில்லையாம். சாரல் அடிக்கிறதென்று கண்ணாடிகளை எல்லாம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிரே டீக்கடையில் ஒதுங்கினேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

திரும்பிப் பார்த்தேன். எந்நேரமும் கலகலவென்று இருக்கும் வண்டியில் பேச்சே இல்லை. தலைகள் எல்லாம் சாய்ந்திருந்தன. பாவம், அசதியில் தூங்குகிறார்கள் என்று நினைத்து, இன்னொரு டீ சொன்னேன்.

அப்போதுதான் அந்த எட்டாவது பெண் மழையில் ஓடிவந்து வேன் கதவைத் திறந்தாள்.

"ஐயோ அண்ணா! இன்னா இது, உள்ள ஒரே பொக நாத்தமா இருக்கு! ஏய், எழுந்திரிங்கடி!"

ஓடினேன். இரண்டு பேரும் ஒவ்வொருத்தியாகப் பிடித்து வெளியே இழுத்தோம். சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். கடைசி சீட்டில் இருந்தவள் மட்டும் எழவே இல்லை. கன்னத்தைத் தட்டினால் தலை தொங்கியது. வண்டியை எடுக்கிறேன் என்று டிரைவர் சீட்டுப் பக்கம் போனேன்.

"இந்த வண்டி வேணாம்!" என்று கத்தினாள் எட்டாவது பெண். சாலைக்கு நடுவில் போய் நின்று, வந்த காரை மறித்தாள்.

கதிர்காமம் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் மடியில்தான் மயங்கியவளின் தலை இருந்தது. மூக்கருகே கையை வைத்து, "மூச்சு வருது, வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். மற்றவர்களைக் கம்பெனி வண்டியில் பின்னாலேயே அனுப்பினார்கள்.

"மூடின வண்டிக்குள்ள புகை போயிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா ஏழு பேருமே..." என்ற டாக்டர், முடிக்காமல் உள்ளே போய்விட்டார். நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மயங்கிக் கிடந்தவள் கண் விழித்தாள். புருஷனைப் பார்த்து முதலில் கேட்டது, "புள்ளைய ஸ்கூல்லேருந்து கூட்டியாந்தியா?" என்றுதான்.

மறுநாள் மெக்கானிக் வேனின் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நான் சுற்றிய தகரம் புகையை நேராக அந்த ஓட்டைக்கே திருப்பிவிட்டிருந்தது. பிறகு செல்ஃபைப் பார்த்தார். பேட்டரியிலிருந்து வரும் எர்த் வயர் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. புதிதாக ஒன்று போட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷ வேலை.

"இதுக்கா அணைக்காம வெச்சிருந்தீங்க?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கையை நீட்டி எஞ்சினை அணைத்தேன்.

பைப்பை மாற்றி, தரைக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகு மற்றவர்கள் திரும்ப வந்தார்கள். மயங்கி விழுந்தவள் வரவில்லை. பஸ்ஸில்தான் போகிறாள். ஸ்டாப்பில் பார்த்தால் லேசாகச் சிரிப்பாள். ஏறச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை. நாலு பேர் சிரித்துவிடுவார்களே என்ற வெட்கத்துக்காக ஏழு உயிரைப் பணயம் வைத்தவன் நான் என்பதை, ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பும்போது நினைத்துக்கொள்கிறேன்.