படகுக்கு உடைத்த தேங்காய்

2025 ஜூன் 17, செவ்வாய், முற்பகல் 11.20
படகில் விழுந்த விரிசல்

நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க நான் ஆசையாக வாங்கிய படகு, நீர்கொழும்பிலிருந்து லொறியில் வந்தபோது விரிசல் கண்டது. லொறி குலுங்கியதே காரணம் என்று எழுதி, இன்று ஹட்டன் காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீடு கேட்டேன்.

வழியில் கினிகத்தேனைக் கோயிலடி வரை படகு பழுதின்றி இருந்ததற்குச் சான்றாக, நேற்றுக் காலை 9.42 எனப் பதிவான படத்தையும் நானே இணைத்திருந்தேன்.

பெண் அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார்.

"ஐயா, படகு மூக்குல நீங்க தேங்கா உடைக்கிறீங்களே?"

"பயணம் நல்லபடியா முடியணும்னு உடைச்சதும்மா."

"தேங்காய்க்குக் கீழ பாருங்க. விரிசல் அப்பவே விழுந்திருச்சுங்க."

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். விழுந்திருந்தது.

கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். படகின் விரிசலை ஒட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதவும்.

இணைப்பு: அதே படம்.
தேங்காய் சம்பலாகிவிட்டதால் இணைக்கப்படவில்லை.