செக்ரட்டரியைக் கேட்கிறார்கள்

இன்று காலை திருவள்ளூர் பஸ்ஸில், நம் கம்பெனி கால்பந்து டீம் செக்ரட்டரி துரை அண்ணன் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கும்மிடிப்பூண்டி கம்பெனி டீம்ல கூப்புடுறாங்க. செக்ரட்டரியா வந்தா ஆபீஸ்ல வேலை பர்மனன்ட்டாம்."

"போன ஃபைனல்ல நம்மள மெதிச்சவனுங்கண்ணா! அவனுங்ககிட்டயா?" என்று கத்தினேன்.

"கத்தாத நைனா. ஒம்பது வருசமா டெம்பரவரியாவே இருந்துகினு இன்னா பண்றது?"

கோல் போடுகிறவனுக்குத்தான் நம் கம்பெனி வேலையை நிரந்தரமாக்கும். ஐ.டி.ஐ. முடித்து வந்த எனக்கு வேலை நிரந்தரமாக மேனேஜரிடம் ஆறு மாதம் நடையாய் நடந்தவர் அவர். தனக்காக ஒரு நாளும் கேட்கவில்லை.

இறங்கும்போது, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை என்னிடம் கொடுத்தார். "இனிமே நீதான் அடிக்கணும். ரொம்ப அடிச்சிடாத, தையல் உட்டுடும்."

ஞாயிறு ஆட்டம் கும்மிடிப்பூண்டியோடுதான். 'போகாதீங்கண்ணா' என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் கையைத் தூக்குங்கள். என் கையில் பம்ப் இருக்கிறது.