ஆணி பிடிக்க ஆள் வேண்டாத மேரி அக்கா

மேரி அக்கா நேற்றுக் காலை போய்விட்டார். இரண்டாவது ஸ்ட்ரோக்.

பத்து பெரண்டாம் என்கிற ஊரில், ஃபேக்டரியில் என்னோடு ஒரே லைனில் பல வருஷம் நின்றவர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அந்த ஆணி மெஷினைத் தொடாமல் ரெஸ்ட் எடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார்" என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள்... தயவுசெய்து வேண்டாம். சாவு வீட்டிலேயே வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. இங்கே எழுதினால் அழிப்பேன். பிளாக்கும் செய்வேன்.

முதல் ஸ்ட்ரோக்கில் அக்காவின் இடது கை விழுந்துவிட்டது. வேலையும் போனது. மகன் நல்ல பிள்ளை, சாய்வு நாற்காலியும் பெரிய டிவியும் வாங்கிப் போட்டான். கொஞ்ச நாள் டிவி பார்த்தார். அப்புறம் எனக்குப் போன்.

"ஷூ ரேக் ஒண்ணு அடிக்கணும். கடைக்குப் போகணும், கார எடுத்துட்டு வா."

"எப்படிக்கா? ஆணியப் பிடிக்கவே ஒரு கை வேணுமே..."

"அதான் நெயில் கன் இருக்குல்ல? துப்பாக்கி மாதிரி அதுவே ஆணிய இறக்கிடும், பிடிக்க வேணாம். வா லா!"

கிளேபாங் போகிற வழியில் ஒரு ஹார்ட்வேர் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார், அக்கா பக்கம் திரும்பவே இல்லை. பேட்டரியில் ஓடுகிற கன்னை எடுத்து நீட்டினார். "இதான் லேட்டஸ்ட் மேடம். ஹோஸ் வேணாம், காத்து அடைக்கிற காம்ப்ரசர் வேணாம்."

அக்கா குறுக்கே புகுந்து அதைக் கையில் வாங்கினார். வலது கையை நீட்டிப் பிடித்தபடி நின்றார்... கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு ஆட ஆரம்பித்தது.

"பேட்டரி கனமெல்லாம் கையிலதான் வருது. காத்துல அடிக்கிறதக் குடுங்க. கனத்தையெல்லாம் காம்ப்ரசர் தரையில உக்காந்து சுமக்கட்டும்."

அடுத்து பெரிய கன் ஒன்று வந்தது. கூரைச் சட்டத்துக்கே அடிக்கலாமாம்.

"நான் என்ன கூரை மேலயா ஏறப் போறேன்? மெல்லிசான ஆணி போதும், பலகை பிளக்கக் கூடாது. முனையப் பலகையில அமுக்காம டிரிக்கர இழுத்தா சுடவும் கூடாது. அதக் காட்டுங்க."

"வீட்டுல யாரு அடிப்பாங்க?" என்றார் கடைக்காரர், மறுபடியும் என்னிடம்.

அக்கா வலது கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினார். "இது அடிக்கும்."

எனக்கு அன்றைக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

அக்கா கேட்ட கன்னோடுதான் வீடு திரும்பினோம். முதல் ரேக் கோணல். இரண்டாவதும் கோணல்தான்! பசை தடவி, ஒரு பக்கம் கிளாம்ப் போட்டு இறுக்கி, பலகையின் மறு கோடியில் இடது கையைத் தூக்கி வைப்பார். "சும்மாதானே கெடக்கு... அமுக்கிக்கிட்டாவது இருக்கட்டும்."

பிறகு ஸ்டூல், கரையான் அரித்த கதவோரத்துச் சட்டம், கிச்சன் அலமாரித் தட்டு... காம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் முறைத்தார்கள். அவர்கள் வீட்டு ஷூ ரேக்கும் அக்கா அடித்ததுதான்.

நேற்று அதிகம் பேசியவர் சுங்கை ஊடாங்கிலிருந்து வந்த அக்காவின் கொழுந்தனார். "மெஷினு மெஷினுனு அலைஞ்சே போயிட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்க வீட்டுல மாதா சுரூபம் நிக்கிற தட்டு யாரு அடிச்சது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட்டதற்கு நான் வருத்தப்படவும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மட்டும் சாவு வராமலா இருந்திருக்கும்? அக்கா சும்மா உட்காரவில்லை. அவ்வளவுதான்.

நாளை காலை சர்ச்சில் பூசை. தெரிந்தவர்கள் வாருங்கள்.

நேற்று பெட்டியில் அக்காவின் வலது கையில் ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். இடது கையை லேஸ் துணிக்கு அடியில் தள்ளி மறைத்திருந்தார்கள். நான் துணியை விலக்கி, அந்தக் கையை எடுத்து வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மூடிடுங்க... பாக்க நல்லா இல்ல" என்றார் கொழுந்தனார்.

மூடவில்லை.

போயிட்டு வாங்க அக்கா.